மாநிறத்துக்கு ட்யூப் கிடையாது

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பிரித்து அடுக்குவதில் அந்தப் பள்ளிக்கூடம் மிகுந்த நியாய உணர்வோடு நடந்துகொண்டது. கணக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். கணக்கு வராவிட்டாலும் மனப்பாடம் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டும் வராமல், தலைமை ஆசிரியர் அறை வாசலில் நின்று மூக்கைச் சிந்தத் தெரிந்த பெற்றோர் வாய்த்தவர்கள் மூன்றாவது பக்கம். இத்தனை சல்லடையிலும் நிற்காமல் கீழே உதிர்ந்தவர்களை அப்படியே தெருவில் விட்டுவிடக் கூடாது என்ற கருணையில் ‘ஓவியமும் வடிவமைப்பும்’ என்று ஒரு பிரிவு வைத்திருந்தார்கள்.

அந்தப் பிரிவுக்குக் கிடைத்த அறை முன்பு வேதியியல் கூடமாக இருந்தது. வேதியியலுக்குப் புதுக் கட்டடம் வந்ததும், தண்ணீர் இறங்காத தொட்டிகளையும், ஓரங்களை அமிலம் தின்ற மேசைகளையும், எத்தனை கழுவினாலும் போகாத அழுகல் முட்டை நாற்றத்தையும் கலைக்கு ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அறை நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் ஒரு கூஜா, ஒரு மடித்த துணி, ஒரு பிளாஸ்டிக் ஆப்பிள். அந்த ஆப்பிளை வரைந்து வரைந்தே பல வருஷத்துப் பிள்ளைகள் தேறிப் போயிருந்தார்கள். அதன் ஒரு பக்கத்தில் யாரோ நம்பிக் கடித்துப் பார்த்த பல் தடம் உண்டு. அதையும் சேர்த்து வரைந்தால் மதிப்பெண் கூடும்.

அந்த அறைக்கு அந்தப் பையன் வந்து சேர்ந்தது அவனுடைய அப்பாவின் ஒரு வாக்கியத்தால். அப்பா எலக்ட்ரீஷியன். சேர்க்கை நாளன்று வலது கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடியே தலைமை ஆசிரியர் முன்னால் நின்றார்.

“பையனுக்கு எதுல ஆர்வம்?” என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். இவனுக்குக் கவனம் கிடையாது. கவனம் இல்லாட்டியும் யாருக்கும் கெடுதல் வராத பாடம் ஏதாவது இருந்தா அதுல போட்டுடுங்க.”

தலைமை ஆசிரியர் யோசிக்கவே இல்லை. “இருக்கு,” என்றார்.

பைக்குள் இருந்த கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பையன் ஒன்பதாவது படித்த வருஷம், கோடை விடுமுறையில் அப்பா அவனைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள், சுவரில் துளை போடும் பழைய மெஷின் ஒன்றுக்குப் புது ப்ளக் மாட்டச் சொன்னார். இரும்பு உடம்பு கொண்ட மெஷின். அதிலிருந்து மூன்று வயர் வரும். சிவப்பில் மின்சாரம் வரும். கறுப்பில் திரும்பிப் போகும். பச்சை மெஷினின் இரும்பு உடம்போடு கட்டியது, எங்காவது கசிந்தால் மண்ணுக்குள் இறக்கிவிடுவது. பையன் திருகாணிகளை இறுக்கினான், ப்ளக்கை மூடினான், “ஆச்சுப்பா” என்றான். சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இருந்தது. பச்சையின் இடத்தில் சிவப்பு.

ஸ்விட்சைப் போட்டதும் மெஷின் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதற்காக அப்பா அதைக் கையில் எடுத்தார். எடுத்த கையை விட முடியவில்லை.

ஸ்விட்சை அணைத்தவனும் பையன்தான். ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி, அப்படியே நின்றுவிட்டன. ஏணி ஏறும் வேலைகள் அதோடு போயின. ஒரு கடை முகப்பில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் பழுது பார்க்கிறவராக ஆனார். பையனை அவர் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. “பையன் கொஞ்சம் கவனமில்லாம இருந்துட்டான்” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அமைதியாகச் சொன்னார். பத்து அடி அடித்திருந்தால் ஆறிப் போயிருக்கும். இது நின்றுவிட்டது.

இனிச் சொல்லப் போவது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, பையனுக்கும் சேர்த்து. அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டும் பழைய அட்டைப் பெட்டியின் நிறத்தில் தெரியும், ஒன்று கொஞ்சம் அழுத்தம், ஒன்று கொஞ்சம் வெளிறல், அவ்வளவே. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்பதால், மற்றவர்களுக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது, அவர்கள் உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள், தனக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்திருந்தான். “பச்சை டேப் எடுடா” என்று அப்பா கேட்டால் கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போவான். சிக்னலில் விளக்கு மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் தெருவைக் கடப்பான். தனக்குக் கவனம் போதாது என்று அப்பா சொன்னதை அப்பாவை விட உறுதியாக நம்பியவன் அவன்தான்.

அம்மா இல்லாத வீடு. அவன் நடக்கப் பழகும் முன்பே அவள் போய்விட்டாள். பத்து நாள் ஒத்தாசைக்கு என்று வந்த அப்பாவின் அக்கா அதன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. அவளை உறவு முழுக்க ‘செவத்த அத்தை’ என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு முறைப்படி வைத்த பெயர் ஒன்று எங்கோ காகிதத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து, உடுப்புகளைப் பிடித்துக் கொடுப்பதும் இறக்கிக் கொடுப்பதுமாக இருந்தாள். ஒரு தடவை இவனிடம் சிவப்பு நூல் கேட்டு, இவன் பச்சையை எடுத்துக் கொடுக்க, பேச்சு சுவாரஸ்யத்தில் பார்க்காமலே கோத்துத் தைத்துவிட்டாள். சிவப்புச் சட்டையில் கழுத்தைச் சுற்றிப் பச்சைத் தையல். சட்டைக்காரர் தெருவே கேட்கச் சத்தம் போட்டார். “உன்னைய நம்பினேன் பாரு,” என்று சிரித்துக்கொண்டே பிரித்துத் தைத்தாள். அதுவும் கவனக்குறைவு என்ற கணக்கிலேயே சேர்ந்தது.

ஓவிய அறையில் பையன் முதல் வாரமே ஒரு கண்டுபிடிப்பு செய்தான். பென்சிலில் தப்பு வராது. கறுப்பு, வெளுப்பு, நடுவில் ஆயிரம் சாம்பல். யாரும் வந்து “இது என்ன நிறம்?” என்று கேட்க முடியாது. கூஜாவின் வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிவதை வரைந்தான். ஆப்பிளின் பல் தடத்தை, கடித்தவனுக்கு முன்பல் கொஞ்சம் கோணல் என்று தெரிகிற அளவுக்கு வரைந்தான். வகுப்பில் அவனுக்குப் ‘பென்சில்’ என்று பெயர் விழுந்தது. வைத்தது பக்கத்து ஸ்டூலில் உட்காரும் ஒல்லிப் பையன். அவன் நின்றாலும் நடந்தாலும் வளையாதவன் என்பதால் ‘ஸ்கேல்’.

ஓவியப் பிரிவுக்கு ஒரே ஆசிரியை. எதைக் காட்டினாலும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு ஆழம் இருக்கு,” என்பார். தொட்டி அடைத்துத் தண்ணீர் நின்றபோதும் தலையைச் சாய்த்துப் பார்த்தார் என்று ஸ்கேல் சத்தியம் செய்வான். எல்லாருக்கும் அவர் ஆழம் மிஸ்.

நல்ல மனுஷி. வாரத்தில் பாதி நாள் வடிவமைப்பு: இல்லாத கம்பெனிக்குச் சின்னம், விற்காத சோப்புக்கு உறை, ‘நீரைச் சேமிப்போம்’ என்று ஒரு போஸ்டர். போஸ்டர் என்றதும் வகுப்பே ஒரு குழாயையும் அதிலிருந்து சொட்டும் ஒரு துளியையும் வரைந்தது. எழுத்துக்கு நடுவில் விடுகிற வெற்றிடமும் எழுத்துதான் என்று மிஸ் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அலுவலகத்திலிருந்து ஆள் வரும். ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று நாலு பலகை எழுதித் தரச் சொல்வார்கள். வடிவமைப்புத் துறையால் பள்ளிக்குக் கிடைத்த நேரடிப் பயன் அது. அந்தப் பலகைகளின் கீழே குப்பை கொட்டப்பட்டது. ஆனால் எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி மிகச் சரியாக இருந்தது.

வண்ணப் பாடத்திலும் பென்சில் சமாளித்தான். ட்யூப்களில் பெயர் எழுதியிருந்ததல்லவா? மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்று புத்தகம் சொன்னது, கலந்தான். வண்ணச் சக்கரத்தைச் செய்முறைப்படி அளந்து போட்டான், முழு மதிப்பெண். “நிழல்னா உடனே கறுப்பைக் கொண்டுபோய் அப்பாதீங்க. நிழலுக்குள்ள எதிர் நிறம் ஒளிஞ்சிருக்கும். சிவப்புக்கு எதிர் பச்சை, மஞ்சளுக்கு எதிர் ஊதா,” என்றார் மிஸ். அதையும் மனப்பாடம் செய்தான். முடிந்த போதெல்லாம் பென்சிலுக்கே திரும்பினான். “நீ வண்ணத்தைத் துறந்தவன்,” என்றார் மிஸ் ஒரு நாள், கண் கலங்கி.

இரண்டாம் வருஷம் முடிகிற சமயத்தில் துறவு செல்லுபடியாகாமல் போயிற்று. இறுதிப் படைப்பு: ‘எங்கள் வீட்டு முகம்’. வீட்டில் இருக்கும் ஒருவரின் உருவப்படம், முழு வண்ணத்தில். பெற்றோர் வந்து பார்க்கும் கண்காட்சியில் வைக்கப்படும். வராத பெற்றோருக்கு மிஸ்ஸே போன் பண்ணுவார்.

பென்சில் கண்காட்சித் தேதியை நோட்டு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டான். அப்பா இதுவரை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வருவார். வந்து, மகன் செய்த ஒரு காரியத்தின் முன்னால் நிற்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘கவனமாத்தான் செஞ்சிருக்கான்’ என்று அவர் வாயால் வந்துவிட்டால் போதும். வேறு பரிசு எதுவும் அவனுக்கு வேண்டாம்.

முதலில் அப்பாவையே வரைவதாக இருந்தான். நேராக எழுதுபொருள் கடைக்குப் போனான்.

“அண்ணே, மாநிறம் ஒரு ட்யூப் குடுங்க.”

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “என்ன நிறம்?”

“மாநிறம். எங்கப்பா படம் போடணும்.”

“உங்கப்பா மாநிறமா?”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“தம்பி, மாநிறம் வாயில இருக்கிற நிறம்டா. ட்யூப்ல வராது. செவப்பு இருக்கு, பச்சை இருக்கு, நீலம் இருக்கு. உங்கப்பாவை வேணா நீலமாப் போடு, கோவிச்சுக்குவாரா?”

கோவித்துக்கொள்வார் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அப்பாவுக்கு ட்யூப் இல்லை. ஆனால் அத்தைக்கு இருந்தது. அவள் செவத்த அத்தை என்பதில் உறவுக்காரர்கள் யாருக்கும், அடித்துக்கொள்கிறவர்களுக்குள்ளும்கூட, கருத்து வேறுபாடு இல்லை. கிட்டத்தட்ட பெயரே அதுதான். இதைவிட உறுதியான சாட்சி வேறென்ன வேண்டும்?

தையல் மெஷின் முன்னால் அவளை உட்கார வைத்துப் பென்சிலில் போட்டுக்கொண்டான். உட்கார்ந்தாள் என்பது பேச்சுக்கு. கால் மிதித்துக்கொண்டே இருந்தது, வாய் பேசிக்கொண்டே இருந்தது.

“மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடுடா.”

“இருக்கிற மாதிரிதான் போடணும் அத்தை.”

“இருக்கிற மாதிரி பாக்கணும்னா கண்ணாடி இருக்கே. உன்னை எதுக்கு ரெண்டு வருஷம் படிக்க வெச்சிருக்கு?”

“பேசாதீங்க. வாய் மாறிடுது.”

“என் வாயைப் பேசாம போட்டா யாருக்கு அடையாளம் தெரியும்? ஆமா, கலர் எப்ப?”

“ஸ்கூல்ல. ட்யூப் எல்லாம் அங்கதான் இருக்கு.”

“என் கலரை மட்டும் கெடுத்துடாத. அந்தக் காலத்துல நான் வந்து நின்னா பல்பே வேணாம்னு சொல்லுவாங்க.”

“செவப்புதானே அத்தை?”

“பின்ன? இதையெல்லாமா கேப்பாங்க!”

கேட்டு உறுதி செய்துகொண்டான். அதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு கவனமாக இருக்க முடியும்?

வேலை முடிந்து வந்த அப்பாவை அத்தை கூப்பிட்டாள். “தம்பி, இங்க வந்து பாரேன். என்னை உரிச்சு வெச்சிருக்கான்.”

அப்பா நிலைப்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தார். “ஆரம்பிக்கிறப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கும். முடிக்கிறப்ப பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

பள்ளியில், கடைசித் தொட்டிக்குப் பக்கத்து மூலையில், பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வண்ணம் போட்டான். ஒவ்வொரு தடவை ட்யூபை அழுத்துவதற்கு முன்பும் அதன் வயிற்றில் எழுதியிருப்பதைப் படித்தான். மூடியைத் திருகி வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தான். முகத்துக்குச் சிவப்பு, வெளிச்சம் விழும் இடத்தில் வெள்ளை கலந்து. கன்னத்தின் மறுபக்கம், கழுத்துக்குக் கீழே, மூக்கின் ஓரம் நிழல். மிஸ் சொன்னபடி பச்சை. இரண்டும் சேரும் இடத்தைத் தூரிகையால் நீவி நீவி, கோடே தெரியாதபடி ஒட்டினான். தள்ளி நின்று பார்த்தபோது அத்தை அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதே கண்ணோரச் சுருக்கம். வாயில் ஊசியைக் கவ்வியபடி பேசும்போது ஒரு பக்கம் ஏறும் அதே உதடு. தான் இதுவரை செய்ததில் இதுதான் சரியானது என்று அவனுக்குத் தெரிந்தது. அவன் நினைத்ததில் பாதி உண்மை.

பலகையைத் திருப்பிக் காட்டினான். ஆழம் மிஸ் தலையைச் சாய்த்தார். பிறகு மறுபக்கம் சாய்த்தார். அதுவரை யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“ஆழம்,” என்றார்.

“டேய், உங்கத்தைய என்னடா பண்ணி வெச்சிருக்க!” என்று ஸ்கேல் காதருகில் கிசுகிசுத்தான். “செம தைரியம்டா உனக்கு.”

பென்சில் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். ஸ்கேலும் பாராட்டாகத்தான் சொன்னான். படத்தின் கீழே மிஸ் தன் கையாலேயே ‘கனல்’ என்று அட்டை எழுதி ஒட்டினார். அத்தை சிரிக்கிற படத்துக்கு ஏன் கனல் என்று அவனுக்கு விளங்கவில்லை. மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டான்.

கண்காட்சி நாளில் தொட்டிகளை வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள். அழுகல் முட்டை நாற்றத்தின் மேல் ஊதுபத்தி கொளுத்தியதில் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உண்டாகியிருந்தது. அத்தை அடிக்கடி வெளியே எடுக்காத செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா கடையிலிருந்து நேராக வந்தார், தோளில் கருவிப் பையோடு, வலது கை பேன்ட் பைக்குள்.

படத்தின் முன்னால் ஏற்கனவே கூட்டம். மிஸ் விளக்கிக்கொண்டிருந்தார்: “சிவப்பு, ஒரு பெண் ஆயுசு பூரா அடக்கி வெச்ச கோபம். பச்சை, அதையும் மீறித் துளிர்க்கிற நம்பிக்கை. ரெண்டும் ஒரே முகத்துல மோதுது பாருங்க. சமாதானமே இல்ல.” பெற்றோர்கள் தலையாட்டினார்கள். தங்கள் பிள்ளைகள் ஆப்பிளோடு நிறுத்திக்கொண்டதில் சிலருக்கு நிம்மதி.

அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். “யாருது இது, நம்ம ஜாடையா இருக்கே?” என்றாள். அடுத்த நொடி தெரிந்துவிட்டது. “அய்யய்யோ, நானா! தீப்பிடிச்ச மாதிரி இருக்கேனே. யாராவது ஒரு வாளி தண்ணி ஊத்துங்கப்பா.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் ஒரு கை தன்னையறியாமல் போய்க் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

அப்பா சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். வீட்டு நிலைப்படியிலிருந்து பார்த்த அதே முகம், அதே உதடு, அதே கண். அதன் மேல் பாதி சிவப்பு, பாதி பச்சை, நடுவில் வரப்பு வெட்டினாற்போல.

“நான்தான் சொன்னேனே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “முடிக்கிறப்ப பாக்கலாம்னு. கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒருத்தன் இப்படிப் பண்ணுவானா? வளத்தவடா அவ. அவ மூஞ்சியைக்கூட நிதானமாப் பாக்க முடியல உனக்கு. கவனம் இல்ல. எதுலயும் இல்ல.”

பையனுக்கு முதலில் என்ன தப்பு என்றே புரியவில்லை. படத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். மூக்கு சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

“பாத்துப் பாத்துத்தான்பா போட்டேன்,” என்றான். “அத்தை செவப்புன்னு எல்லாரும்தானே சொல்றீங்க? நானும் கேட்டேன், அவங்களும் செவப்புன்னுதான் சொன்னாங்க. செவப்புன்னு எழுதியிருந்த ட்யூப்தான் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் படிச்சுட்டுத்தான் எடுத்தேன். நிழலுக்குப் பச்சை. ரெண்டையும் நல்லா ஒட்டிட்டேன்பா. சேர்ற இடத்துல கோடு தெரியுதா பாருங்க.”

யாரோ சிரிக்கப் போனார்கள். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் அது நின்றது.

“உனக்குக் கோடு தெரியலையா?” என்றார் அப்பா.

“எங்க?”

அப்பா தோளிலிருந்த பையைத் தரையில் இறக்கி, இடது கையை உள்ளே விட்டுத் துழாவி, வயரில் சுற்றும் டேப் உருளை இரண்டை எடுத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டையும் மகன் கையில் வைத்தார்.

“இதுல செவப்பு எது?”

பையன் உருளைகளை வாங்கினான். இப்போதாவது தப்பு வந்துவிடக் கூடாது என்று ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பினான். ஒன்றை அருகில், ஒன்றைத் தள்ளி வைத்துப் பார்த்தான். மாற்றி வைத்துப் பார்த்தான். பிறகு இரண்டையும் கவிழ்த்து, உள்ளே இருந்த அட்டை வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“எழுதலையேப்பா,” என்றான்.

மின்சாரம் போன வீட்டில் திடீரென்று ஒரு அமைதி வருமே, விசிறிச் சத்தம் இத்தனை நேரம் இருந்தது என்பதே அப்போதுதான் தெரியுமே, அதுபோல அந்த அறை அமைதியானது. ஆழம் மிஸ் மட்டும் படத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்து, “அப்போ… கனல்?” என்று மெல்லக் கேட்டார். அவர் பாவம், ஒரு வாரமாக அந்தப் படத்தைப் பற்றிப் பேசிப் பேசிக் குரல் கட்டியிருந்தது.

அப்பா உட்காருவதற்கு இடம் தேடினார். ஆப்பிள் வைத்திருந்த முக்காலிதான் அகப்பட்டது. கூஜாவையும் துணியையும் தரையில் இறக்கிவிட்டு, ஆப்பிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்தும் ஒருவரும் சிரிக்கவில்லை.

“அன்னிக்கு,” என்றார். “அந்த ட்ரில்லிங் மெஷின். ப்ளக்கை மூடறதுக்கு முன்னாடி நீ பாத்தியா?”

அந்த நாளைப் பற்றி அவர் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“ரெண்டு தடவை பாத்தேன்பா.”

அப்பா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“அக்கா, இவன் ரெண்டு தடவை பாத்திருக்கான். சின்னப் பையன். ரெண்டு தடவை பாத்திருக்கான்.” பைக்குள்ளிருந்த வலது கை துணியோடு சேர்ந்து இறுகியது வெளியே தெரிந்தது. “இத்தனை வருஷம் தொழில் பண்ணவன் நான். ஓடலைன்னதும் ப்ளக்கைப் பிரிச்சுப் பாத்திருக்கணும். டெஸ்டர் பைக்குள்ளதான் இருந்துச்சு. நான் ஒரு தடவைகூடப் பாக்கலக்கா.”

அத்தை, பையன் கையிலிருந்த உருளைகளை வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பையில் போட்டாள்.

அப்புறம் கண் மருத்துவர் ஒரு புத்தகத்தைத் திறந்து, புள்ளிகளுக்குள் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எண் இருக்கிறது என்பதே பையனுக்குப் புதிய செய்தியாக இருந்தது. இதற்கு மருந்து இல்லை, பயமும் இல்லை, சிலருக்குப் பிறவியிலேயே இப்படித்தான் என்றார் மருத்துவர். பள்ளியில் பெரிய குழப்பம் எழுந்தது. நிறம் தெரியாதவன் ஓவியப் பிரிவில் இருக்கலாமா என்று ஆசிரியர்கள் கூடிப் பேசினார்கள். கணக்குத் தெரியாதவர்கள் வாத்தியார்களாக இருக்கும்போது இதில் என்ன என்று ஆழம் மிஸ் கேட்டாராம். அதோடு கூட்டம் கலைந்தது. ‘கனல்’ அட்டையை அவரே கிழித்துவிட்டு, வேறு அட்டையில் ‘அத்தை’ என்று மட்டும் எழுதி ஒட்டினார். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி மிகச் சரியாக இருந்தது.

அந்தப் படம் இன்றும் தையல் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் திடுக்கிட்டால், “என்னைச் செவப்புன்னு எல்லாரும் வாயில சொல்றாங்க, எங்க வீட்டுப் பையன் ஒருத்தன்தான் அதை நம்பினான்,” என்பாள் அத்தை. பென்சில் இப்போது ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். மின்விசிறி, மிக்ஸி பெட்டிகளுக்குள் மடித்துப் போட்டிருப்பார்களே, எதை எதோடு மாட்டுவது என்று காட்டும் படத்தாள், நாம் யாரும் பிரிக்காமலே தூக்கிப் போடுவது, அதை வரைகிறவன் அவன்தான். வெறும் கறுப்புக் கோடு. அவன் வரைகிற ஒவ்வொரு வயரின் மேலும் அதன் பெயர் எழுதியிருக்கும். அதற்கு இடமில்லை என்று மேலதிகாரி சொன்னால் பென்சில் வளைந்து கொடுப்பதில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால். கண்காட்சி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அத்தை சந்தைக்குப் போயிருந்த நேரம். பையன் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். அப்பா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாநிறத்துக்கு ட்யூப் கிடையாதாமே.”

“ஆமாப்பா. கடையில கேட்டேன்.”

“அத்தை சொன்னா. முதல்ல என்னைத்தான் போடறதா இருந்தியாம்.”

பையன் தலையசைத்தான்.

அப்பா வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். வீட்டுக்குள்கூட மேசைக்குக் கீழே வைத்திருக்கும் கை. வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மேசைமேல் அதைக் கிடத்தினார், உள்ளங்கை மேலே தெரியும்படி. மடங்கிய இரண்டு விரல்களும் எதையோ இன்னும் விடாமல் பிடித்திருப்பதுபோல் இருந்தன.

“பென்சில்ல போடு,” என்றார்.

பையன் தாளை நேராக வைத்துக்கொண்டான். அந்தக் கையை இத்தனை கிட்டத்தில் அவன் பார்த்ததே இல்லை. விரல் மடிப்பில் தோல் இழுபட்டுப் பளபளத்தது. முதல் கோடு போடுவதற்கு நேரமானது.

“ஆட்டாதீங்கப்பா.”

“ஆட்டல. நீ பாத்துப்…” என்று வழக்கம்போல் தொடங்கியவர், பாதியில் நிறுத்தினார்.

“நீ பாத்துத்தான் போடுவ,” என்றார்.